வெளியே நிற்கும் ஆள்

பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடும், சார். பலருக்கும் இது தெரியாது. அந்த மூச்சைக் குறைத்துவிட்டால், அக்டோபரில் பறித்த பழத்தை ஜூனில் கடித்தாலும் நறுக்கென்று இருக்கும். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கிடங்கு. காற்று புகாத அறையில் பழத்தை அடுக்கி, ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்புவோம். அதற்கு வாசனை கிடையாது. தெரியாமல் உள்ளே போகிறவன் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அதனால் முதலில் வெளிக்காற்றை உள்ளே விட்டு, மீட்டரில் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்த பிறகுதான் போவோம், அதுவும் யாரும் தனியாகப் போவதில்லை. கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பார்.

என் சோதனை அறை அரசாங்க மானியத்தில் கட்டியது. இன்னும் குறைந்த ஆக்ஸிஜனில் பழம் தாங்குமா என்று முதலில் ஆராய்ச்சி, பிறகு மாதிரி அறை வைத்துச் சோதனை. மானியம் கிடைத்ததே டாக்டர் செவெரினால்தான். முக்கிய ஆராய்ச்சியாளர் என்று அவன் பெயரைப் போட்டிருந்தேன். நான் வெறும் ஆப்பிள்காரி, என் பெயருக்கு யார் கொடுப்பார்கள்?

பாதி வழியில் அவன் ஹாலந்துக்குப் போகிறேன் என்றான்.

"கோவிச்சுக்காத லுத்விகா. இங்க ஆப்பிளையும் உன் மூஞ்சியையும் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு."

"என் மூஞ்சிக்கு என்னடா கொறச்சல்? நீ போனா குடுத்ததெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. கிடங்கே போயிடும்."

"வேற ஆள் பாத்துக்க."

ஆப்பிள் மூச்சில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மரத்திலா காய்க்கிறார்கள்? வார்சாவில் இருக்கும் மானிய அலுவலகத்துக்குப் போன் செய்து, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள்.

"அவரா வேலைய விட்டா அது உங்க பொறுப்புங்க மேடம். தவறிப் போயிட்டார்னா வேற விஷயம். அது யார் கையில இருக்கு? அவகாசம் குடுத்து, வேற ஆள போட்டுக்க விடுவோம்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அந்த விதியை நான் எழுதவில்லை. கிடங்கை நம்பி எத்தனையோ குடும்பங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குச் சுவர்தான் தெரிந்தது. பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பழ மாதிரி எடுக்க வந்தான்.

"காத்து விட்டாச்சா?"

"காலைலயே விட்டாச்சு."

"ஆக்ஸிஜன் மீட்டர் எங்க?"

"நான் பாத்துட்டேன்டா. நீ போ, நான் வெளிய நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றேன். அவன் ஒரு பழத்தைக் கையில் எடுத்தான், உட்காரப் போகிறவன்போல் சரிந்தான். வலித்திருக்காது. வேண்டிய நேரம் பொறுத்திருந்து பிறகு கூப்பாடு போட்டேன். கருவியில் கோளாறு, விபத்து என்று முடித்தார்கள். நான் அழுதது நடிப்பில்லை, சார்.

அவகாசம் கிடைத்தது. அவன் மனைவி அனியேலாவையே வேலைக்கு எடுத்தேன். அவளுக்கும் அதே படிப்பு, அதே பட்டம். கணவன் விட்ட வேலையை முடித்துவைக்கிறேன் என்று அவளாகவே வந்து கேட்டாள். நல்ல பெண். மதியத்தில் அவளுக்கு நானே பீட்ரூட் சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

போன வாரம் அவளும் ஆரம்பித்தாள். "இந்த அறைய இனிமே என்னால பாக்க முடியல லுத்விகா. நான் விட்டுர்றேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியாக ஒரு மாதிரி மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். கதவைத் திறந்து, காற்று விட்டாகிவிட்டது, நான் நிற்கிறேன் என்றும் சொன்னேன். அவள் தன் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து உள்ளே நீட்டினாள். அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர்கிட்டயும் இதத்தான் சொன்னியா?"

ஆமாம் என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் உள்ளே போகாமல், அங்கிருந்தே உங்கள் போலீஸுக்குப் போன் செய்தாள்.

நான் யாரையும் உள்ளே பிடித்துத் தள்ளவில்லை, சார். திட்டம் முடியும்வரை இருங்கள் என்றுதான் இரண்டு பேரிடமும் கெஞ்சினேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் செவெரின் இன்று உயிரோடு இருந்திருப்பான்.