பங்குனிக்குள் ஒரு பிரசவம்

தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் ஃபிளாஸ்க் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

“கர்ப்பப்பை வாய்க்குப் பங்குனி, சித்திரையெல்லாம் தெரியுமாக்கா?”

“எதுக்குக் கேக்கற?”

“எம்பொண்ணுக்குச் சித்திரை பத்து வாக்குலதான் நாளு. சித்திரையில பொறந்தா அப்பனுக்கு ஆகாதுன்னு சம்பந்தியம்மா பங்குனிக்குள்ளயே பெத்துக்கணும்னுட்டாங்க.”

“டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“வாய் கெட்டியா மூடியிருக்கு, மருந்துக்கு மசியாதுன்னு சொல்லித்தான் பாத்தாங்க. சம்பந்தியம்மா உடல. வாய் இளகறதுக்கு ரெண்டு தடவ ஜெல் வெச்சாங்க, அசையல. அப்புறம் வலி வர்றதுக்கு ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. பகல் பூரா துடிச்சா, ரெண்டு விரல் அளவுதான் தொறந்துச்சு. கடைசியில வயித்த அறுத்துத்தான் எடுத்தாங்க.”

“கொழந்த?”

“பையன். நல்லா இருக்கான். பங்குனியிலயே பொறந்துட்டான்னு சம்பந்தியம்மா வார்டு பூரா சக்கர குடுத்தாங்க.”

“அப்பறம் என்ன?”

“அத்தன நேரம் மருந்துல முறுக்கிக் கெடந்த பை, புள்ள வெளிய வந்ததும் சுருங்கவே இல்லக்கா. ரத்தம் நிக்கல. பையையே எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வயசு அவளுக்கு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“சம்பந்தியம்மா இப்ப என்ன சொல்றாங்க?”

ஃபிளாஸ்க்கின் மூடியை அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

“பாத்தீங்களா, எம்பையனுக்கு ஒண்ணும் ஆகலங்கறாங்க.”