மையவாடியில் இருப்பவர் என் கணவர் அல்லர்

வாக்குமூலம் அளிப்பவர் இத்தாவில் இருப்பதாக முறைப்பாட்டாளர் தெரிவித்திருந்தமையால், கம்பளையில் அவரது வீட்டுக்குச் சென்று பெண் பொலிஸ் கொன்ஸ்டபிள் கலாராணியால் தமிழில் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: நபீல் பாயிஸா. வயது: 33. தொழில்: வீட்டில் தையல். முகவரி: அம்பகமுவ வீதிக்கு மேலுள்ள ஒழுங்கை, கம்பளை.

நான் மேற்படி முகவரியில் என் மகள் ஷஹ்மாவுடன் வசிக்கிறேன். என் கணவரின் தமையனார் ரிஸ்மி செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் புத்தி பேதலித்து, கணவரின் ஜனாஸா அடக்கத்தைப் பற்றி ஊரில் தகாத கதை பரப்புகிறேன் என்றும், இத்தாவை முறித்து வெளியே போனேன் என்றும் அதில் உள்ளது. வெளியே போனது உண்மை. கணவரை மவுத்தில் இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணவர் மவுத்தாகியிருந்தால் இருந்திருப்பேன். என் புத்தி எப்படி இருக்கிறது என்பதை இதை வாசிப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

என் கணவர் நபீல் கண்டியில் ஒரு லேத் பட்டறையில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுத்து வந்தார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகில் வெளிநாட்டு வேலை முகவர் அலுவலகம் நடத்தும் ஹலீம் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்து, ருமேனியாவில் பீரங்கிக் குண்டு செய்யும் புதிய தொழிற்சாலைக்கு லேத் தெரிந்தவர்கள் தேவை என்று சொன்னார். நான் முடியாது என்று சொன்னதும் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இவ்வளவு காலமும் அமெரிக்காக்காரன் பின்னால நிக்கிறான்னு ஐரோப்பாக்காரன் நிம்மதியா தூங்கினான். இப்ப அவன் வருவானா, வரமாட்டானான்னு ஒருத்தருக்கும் தெரியா. அதால ஒவ்வொரு நாட்டுக்காரனும் சொந்தமா பெக்டரி கட்டுறான். கட்டிட்டான், ஆள் இல்ல. இந்த வேலைக்கு இனி அழிவே இல்ல" என்றார். குண்டு செய்யும் வேலைக்கு அழிவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

அதன் பிறகு என் கணவர் சாப்பிடும்போதும் போனில் உலகச் செய்தி பார்க்கத் தொடங்கினார். எந்த மாநாட்டில் யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், எந்த நாடு பாதுகாப்புச் செலவைக் கூட்டியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் தேங்காய் விலையை விட நேட்டோ பற்றித்தான் பேச்சு அதிகமாக இருந்தது. "அடுத்த வீட்டுக்காரன் காவல் காப்பான்னு கதவுக்குப் பூட்டே போடாம இருந்தவங்க இப்ப ஓடி ஓடிப் பூட்டு வாங்குறாங்க. அவங்க பயந்தா நமக்கு வேலை" என்று அவர் சொன்னார். "அவசரத்துல பூட்டுப் போட்டா விரல் நசுங்கும். அவங்கட விரலா, உங்கட விரலா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்துச் சாப்பிட்டார். கடைசியில் நானும் சரி என்றேன், அவரும் போனார்.

அவருடன் வத்தேகமயைச் சேர்ந்த யுகேஷ் என்ற இளைஞரும் அதே தொழிற்சாலைக்குப் போனார். இருவருக்கும் ஒரே அறை. யுகேஷ் கடையில் வேலை பார்த்தவர், லேத் தெரியாதவர் என்பதால் பெட்டி அடைக்கும் பகுதியில் விட்டிருந்தார்கள். என் கணவர் வீடியோ அழைப்பில் பேசும்போது யுகேஷும் எட்டிப் பார்த்து, "அக்கா, அண்ணன் சோறு ஆக்குறாரு, எனக்கு உசுரு போகுது" என்று கேலி செய்வார். குளிர் தொடங்கியபோது உள்ளே கம்பளி வைத்த தொழிற்சாலைக் கோட் என் கணவருக்குக் கிடைத்தது, யுகேஷுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் வேறு வேறு ஷிப்ட் என்பதால், ஒருவர் வந்து கழற்றியதும் மற்றவர் அதைப் போட்டுக்கொண்டு போவதாக என் கணவர் சொன்னார். கோட்டின் நெஞ்சில் என் கணவரின் பெயரும் இலக்கமும் தைக்கப்பட்டிருந்தன. அதைப் பெரிய விடயமாக நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அதன் பிறகு அங்கே வேலை இறுகியது. அமெரிக்காவிலிருந்து ஏதாவது ஒரு கடுமையான பேச்சு வந்தால் மறுநாள் தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தைக் குறைப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். அந்த நாட்டு ஆட்களில் பலரை இராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டதால், குண்டுக்குள் வெடிமருந்து நிரப்பும் பகுதியில் ஆள் குறைந்து, பெட்டி அடைத்தவர்களை அங்கே மாற்றினார்கள். யுகேஷும் அப்படித்தான் அங்கே போனார். "புள்ளைக்கு ஒழுங்கா பழக்கமும் குடுக்கல்ல பாயிஸா. எனக்குப் பயமா ஈக்கி" என்று என் கணவர் சொன்னார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிக் குரல்.

அதன் பிறகு ஹலீம் வந்தார். இந்த முறை கதிரையில் உட்காரவில்லை. தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்ததாகவும், என் கணவர் மவுத்தாகிவிட்டதாகவும் நின்றபடியே சொன்னார். யுகேஷைப் பற்றிக் கேட்டேன். அவன் ஷிப்டுக்கு வராமல் இத்தாலிக்கு ஓடிவிட்டான், கம்பனி அப்படித்தான் அறிவித்திருக்கிறது என்றார். ஓடிவிட்டான் என்ற அந்தச் சொல் உண்மையா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நான் அழுதேன். ஷஹ்மா என்னைவிட அதிகமாக அழுதாள்.

அதன் பிறகு உடலோடு பெட்டி வந்தது. உள்ளே துத்தநாகத் தகடு வைத்துப் பற்றவைத்து, வெளியே முத்திரை போட்டிருந்தார்கள். திறக்கவேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். திறக்காமலே தொழுது அடக்கிவிடுவோம் என்று ரிஸ்மி மச்சான் சொன்னார். குளிப்பாட்டாமல் எப்படி என்று நான் கேட்டேன். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸரத்தைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்ற முடிந்த இடத்துக்கு ஊற்றவேண்டும், முடியாவிட்டால் மண்ணைத் தொட்டுத் தடவித் தயம்மும் செய்யவேண்டும், அதற்கும் உடலைப் பார்த்தாகவேண்டும் என்று அவர் சொன்னார். மனைவி கணவரைக் குளிப்பாட்டலாமா என்று நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். தாராளமாக என்றார். முத்திரையை உடைத்தது என் பேச்சின் பேரில்தான். அது குற்றமானால் என் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டும் இடத்தில் ரிஸ்மி மச்சானும், பள்ளியில் ஜனாஸா குளிப்பாட்டும் சாஹுல் ஹமீது அவர்களும், நானும் இருந்தோம். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. அதைப் பற்றி மேலும் சொல்ல விரும்பவில்லை. இடுப்புக்குக் கீழே உடல் பெரும்பாலும் நன்றாக இருந்தது. நான் கால் பக்கம் நின்று தண்ணீர் ஊற்றினேன். வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில், மோட்டார் சைக்கிள் சைலன்ஸர் சுட்டால் வரும் பழைய தழும்பு இருந்தது. என் கணவருக்கு அப்படி ஒன்று இல்லை. அதன் பிறகு மேலே போர்த்தியிருந்த துணி நனைந்து விலகியது. அது சுன்னத்துச் செய்யாத ஆணின் உடல். இதை எழுதலாமா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். எழுதும்படி நான்தான் சொன்னேன்.

மூன்று பேரும் அதைக் கண்டோம். ரிஸ்மி மச்சான் துணியை இழுத்துப் போர்த்தினார். "இது அவரு இல்ல" என்று நான் சொன்னேன். "வாய மூடுங்க. மய்யித்துல கண்டத வெளிய சொல்றது ஹராம்" என்றார். குளிப்பாட்டுகிறவர் உடலில் கண்டதை மறைக்கவேண்டும் என்பது எங்கள் முறை. இறந்தவரின் மானத்துக்காக வைத்த முறை அது. ஆளே மாறி வந்ததை மறைப்பதற்கு அதை யாரும் வைக்கவில்லை. அதற்குள் பள்ளி ஒலிபெருக்கியில் என் கணவரின் பெயரைச் சொல்லியாகிவிட்டது. ஒழுங்கை நிறைய ஆட்கள் நின்றார்கள். நான் சத்தம் போட்டபோது பெண்கள் சிலர் என்னைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய், நபியின் மேல் ஸலவாத் ஓதும்படி சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அடக்கம் செய்யும் மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை.

அதன் பிறகு சாஹுல் ஹமீது அவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர் நேரே வந்து, திரைக்கு வெளியே நின்று, "மகள், நீங்க கேட்டா நான் சொல்லமாட்டேன். அது என்ன நம்பித் தந்த அமானிதம். கோர்ட்டுல சத்தியம் வாங்கிக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரிஸ்மி மச்சான்மேல் இருக்கிறது. தம்பியின் உடல் வந்துவிட்டது, அடக்கியாகிவிட்டது என்ற நிம்மதியை அவர் விடத் தயாராக இல்லை. நட்டஈட்டுக்காகக் கம்பனி அனுப்பிய பத்திரத்தில் நான் கையொப்பம் வைக்க மறுத்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

என் கணவர் தங்கியிருந்த விடுதியில் கம்பளைப் பவாஸ் என்பவரும் இருந்தார். அவரைப் போனில் பிடித்தேன். வெடித்த அன்று ஷிப்ட் மாறும் நேரம், இருவரில் யார் உள்ளே இருந்தார் என்று தனக்குத் தெரியாது என்றார். கோட்டில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் கம்பனி ஆளைத் தீர்மானித்ததாகச் சொன்னார். காயப்பட்டவர்களை இராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே யாரையும் விடுவதில்லை, தலை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவர் பேச்சில்லாமல் கிடக்கிறார் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு பவாஸின் இலக்கம் வேலை செய்யவில்லை. கொழும்பில் இரண்டு அலுவலகங்களுக்குப் பேசினேன். அது பாதுகாப்புத் தொழிற்சாலை, விபரம் தரமாட்டார்கள் என்றார்கள். ஒரு பெண், "நீங்களே அடக்கம் செய்துவிட்டீர்களே, இனி யாரைத் தேடுவது?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எல்லாக் கதவும் அந்த ஒரு கேள்வியில்தான் பூட்டியிருக்கிறது. மண்ணுக்குள் இருப்பவர் நபீல் என்று இருக்கும்வரை, கட்டுப் போட்டுக் கிடப்பவர் நபீலா என்று எந்த நாட்டிலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதன் பிறகுதான் நான் இத்தாவை முறித்தேன். கண்டிக்குப் போய் அங்கிருந்து வத்தேகம பஸ் எடுத்து யுகேஷின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய தகப்பனார் தியாகராஜா கண்டி மாநகரசபையில் வேலை செய்கிறார். தாயார் யசோதா, "வாங்க வாங்க, நபீல் தம்பி சம்சாரமா?" என்று என் கையைப் பிடித்து அழுதார். என் கணவருக்காக அழுதார். பிறகு, மகன் இத்தாலியில் இருப்பதாகவும், ஓடிப்போனதால் பயந்துகொண்டு பேசாமல் இருப்பதாகவும் சொன்னார். மகனின் இலங்கைப் போன் இலக்கம் செத்துவிடக்கூடாது என்று மாதாமாதம் ரீலோட் போடுவதாகவும் சொன்னார். நான் அவர் தந்த தேநீரைக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

அதன் பிறகு, யுகேஷின் காலில் சைலன்ஸர் சுட்ட தழும்பு இருந்ததா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். சுன்னத்து விடயத்தைத் தகப்பனாரிடம் மட்டும் வெளியே வைத்துச் சொன்னேன். அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார். யசோதா அக்கா, "என் மகனுக்கு அப்படி ஒரு தழும்பும் கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் திரும்பி பஸ்சுக்கு நின்றபோது அவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "தோண்ட வேணாம்மா. ஒங்களக் கும்பிடுறேன். ஓடிப்போன புள்ள எப்பவாவது வருவான். தோண்டினா வரமாட்டான்" என்றார். தழும்பு இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது. பஸ் வந்தது. அவர் என் கையை விடவில்லை, நான்தான் விடுவித்துக்கொண்டு ஏறினேன்.

ஆகவே, கம்பளை மையவாடியில் என் கணவர் பெயரில் உள்ள கப்றைத் தோண்டி, அந்த உடலை என் மகள் ஷஹ்மாவின் இரத்தத்துடன் ஒப்பிட்டுப் பரிசோதிக்க நீதவான் கட்டளையிடவேண்டும் என்று கேட்கிறேன். மகள் இரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். பொருந்தினால் நான் கண்டது பிழை. அன்றே அறைக்குள் போய் இத்தா இருக்கிறேன், ரிஸ்மி மச்சான் காலிலும் விழுகிறேன். பொருந்தாவிட்டால் என் கணவரை அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அரசாங்கம் தேடவேண்டும். வத்தேகமயில் யுகேஷின் பெற்றோருக்கும் அறிவிக்கவேண்டிவரும். அதைத் தொலைபேசியில் சொல்லாமல் யாராவது நேரில் போகவேண்டும். வேறு ஆள் இல்லாவிட்டால் நானே போகிறேன்.

யசோதா அக்கா கெஞ்சியதை நான் மறக்கவில்லை. தோண்டச் சொல்வதன் அர்த்தமும் எனக்குத் தெரியும். என் கணவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்பது, அந்தத் தாயின் மகன் இறந்திருக்கவேண்டும் என்று கேட்பதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மேலே எழுதப்பட்டவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை. என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே அல்லாஹ்வுக்குப் பயந்து கூறினேன் என உறுதிப்படுத்தி ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: ந. பாயிஸா