நாவல்காட்டுப் பாலத்துக் குழை

உங்கள் தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, தம்பி. பரவாயில்லை, இந்த மழைக்குச் சூடாக ஏதாவது உள்ளே போனால் போதும். அந்த யன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள், தூவானம் அடிக்கிறது.

நான் வந்தது நீங்கள் எழுதுகிற விசாரணை அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தத்துக்காக. பிரதேச சபையில் செயலாளராக இருந்தே தலை நரைத்தவள் நான். கூட்ட அறிக்கையில் ஒரு சொல் பிசகினாலும் எனக்கு நித்திரை வராது. எங்கள் சபைக்கு ஆலோசகராக வந்த ஜனார்த்தனன், நாவல்காட்டுப் பாலத்தில் வெள்ளத்தோடு போனாரே, அதைப் பற்றி நாவல்காட்டுப் பேச்சியம்மா உங்களுக்குச் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. "விமலேஸ்வரியம்மா அந்தக் கரையில நின்னு கைய ஆட்டி ஆட்டித் தடுத்தாங்க, அவருதான் கேக்கல" என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பாவம், நல்ல மனுசி. ஆனால் பிழை பிழைதானே. நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

எங்கள் சபை நொடித்துப்போன சபை என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் கொண்டுபோகிற பவுசர் இரண்டும் டயர் இல்லாமல் நின்றன. சந்தைக்குப் பின்னால் குப்பை கூரைக்கு மேலே போய்விட்டது. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்தால் சண்டை, வராவிட்டால் கூட்டமே இல்லை. நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் யுத்தம் முடிந்து சனம் முகாமில் இருந்து திரும்பி வந்த காலத்தில், ஒரு தறப்பாளுக்குக் கீழே மேசை போட்டு இந்தச் சபையைத் திரும்பத் தொடக்கியவள் நான். கலியாணம், பிள்ளைகள் என்று எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. இருந்தது இது ஒன்றுதான். அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை, அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

நொடித்த சபைகளைத் தூக்கி நிறுத்த வெளியில் இருந்து நிபுணர்களைப் போடுகிறோம் என்று மாகாணத்தில் முடிவெடுத்தார்கள். எங்களுக்கு வந்தவர்தான் ஜனார்த்தனன். ஹற்றன் பக்கத்து ஆள், மெலிந்தவர், எந்நேரமும் ஒரு பச்சை ரெயின்கோட். முதல் நாளே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு பேசினார். "மேடம், இங்க எல்லாமே உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்."

என்னைவிட மேலான அதிகாரத்தோடு வந்த ஒருவர் இவ்வளவு பணிவாகப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இருக்கச் சொன்னேன், தேத்தண்ணி கொடுத்தேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் தன் கதிரையை அறையில் போடவில்லை, விறாந்தையில் போட்டார். போகிற வருகிற சனம் எல்லாம் அவரோடு நின்று கதைத்தது. சாரதிமாரோடு சேர்ந்து பணிஸ் தின்றார். ஒரு பவுசரின் பாகங்களைக் கழற்றி மற்றதில் பூட்டி ஓடவைத்தார். அது நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓடத் தொடங்கிய பவுசர் முதல் முதல் எங்கே போனது தெரியுமா? நாவல்காட்டுக்கு.

நாவல்காடு குளத்துக்கு அந்தப் பக்கம். மலைநாட்டில் இருந்து கலவரங்களுக்குப் பயந்து ஓடிவந்து, காடு வெட்டிக் குடியேறிய சனம். நல்ல சனம். அவர்களைப் பற்றி நான் ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. எங்கள் வயல்களில் அரிவு வெட்ட அவர்களை விட்டால் ஆள் கிடையாது. அங்கே கிணற்றுத் தண்ணீர் கூடாது, குடித்துக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகிச் சிலபேர் செத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பேச்சியம்மாவின் புருசன் பழனியாண்டியும் அப்படித்தான் போனான். பாலம் பவுசரைத் தாங்காது என்று வருசா வருசம் நான் சபைக்கு அறிவித்துக்கொண்டு வந்தேன். அவர்களும் வந்து வாசலில் நின்று கத்தவில்லை. கேட்காத சனத்துக்கு முதலில் கொடுத்தால் கேட்கிற சனம் சும்மா விடுமா?

ஜனார்த்தனன் ஒரு கூட்டத்தில் கேட்டார். "மேடம், பாலம் தாங்காதுன்னு யாருங்க போய்ப் பார்த்தது?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். "அது முந்தியே தெரிஞ்ச விசயம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அரைவாசித் தண்ணீரோடு பவுசரை அனுப்பினார். அது சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தது. சபையில் வைத்து என்னை அதட்டியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் நாவல்காட்டுப் பக்கம் போகத் தொடங்கியது. பவுசர் சாரதி பிரசாந்தனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"அங்க போய் என்ன செய்யிறார்?"

"சும்மா இருந்து கதைக்கிறார் மிஸ்."

சும்மா கதைக்க ஒருவர் அந்தக் கிரவல் ரோட்டில் முதுகெலும்பு முறிய முறியப் போவாரா? நான் ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். நாவல்காட்டைப் பிரித்துப் பக்கத்துச் சபையோடு சேர்க்கப் போகிறார். மிச்சம் இருக்கிற ஊர்கள் ஒரு சபைக்குக் காணாது என்று எங்களையும் கலைத்துவிடுவார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றி லொறியில் ஏற்றுவார்கள். வேறு எதற்கு இந்த ஆளை அனுப்புகிறார்கள்? நேரேயே கேட்டேன்.

"ஐயய்யோ, அப்படி ஒண்ணுமே இல்லீங்க மேடம். யாரு சொன்னாங்க?" என்றார்.

உண்மை இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு கெதியாகப் பதில் வரவேண்டும்? அன்றைக்கே எனக்கு உறுதியாகிவிட்டது. மாரி தொடங்க முதல் ஒருநாள், "இந்த மழைக்கு எந்தக் குளம் மேடம் முதல்ல நிரம்பி வான் பாயும்? நீங்கதான் சொல்லணும். எனக்குத் தண்ணின்னா பயம், நீந்தவும் தெரியாது" என்று சிரித்தார். குளங்களைப் பற்றித் துருவுகிறார் என்று விளங்கியது. "நீர்ப்பாசனக் கந்தோரிலை கேளுங்கோ" என்றேன்.

சனமும் மாறிவிட்டது. புதுக்குடியிருப்பு ரோட்டில் இருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். விறாந்தைக் கதிரை வெறுமையாக இருந்தது. உள்ளே எட்டி என்னைப் பார்த்துவிட்டு, "அந்த ஐயா இல்லையோ? அப்ப நான் பிறகு வாறன்" என்று திரும்பிப் போய்விட்டாள். அவளுடைய வீட்டுக்குக் காணி கொடுத்தபோது வெயிலில் நின்று கயிறு பிடித்தவள் நான். அன்றைக்குக் கந்தோர்க் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை எழுதத் தேவையில்லை.

இனிக் குழைக்கு வருகிறேன். நீங்கள் தெற்குப் பக்கத்து ஆள் என்றபடியால் சொல்கிறேன். ரோட்டில் கிடங்கு, பள்ளம் என்று விழுந்தாலும், பாலம் அறுத்தாலும், எங்களிடம் பலகை வைக்கிற வழக்கம் இல்லை. முதலில் காண்கிறவர் ஒரு மரக்கொப்பை இலையோடு முறித்து அந்த இடத்தில் குத்திவிடுவார். அதைத்தான் குழை என்கிறோம். குழை நின்றால் விலகிப் போக வேண்டும், நில்லாவிட்டால் பயமில்லாமல் போகலாம். குளம் வான் பாய்ந்து தண்ணீர் ரோட்டை மூடுகிற நாட்களில், சனம் தண்ணீரைப் பார்ப்பதில்லை, குழையைத்தான் பார்க்கும்.

ஜனார்த்தனனுக்கு அது பிடிக்கவில்லை. "குழைய யாராவது பிடுங்கிட்டா? ஆடு தின்னுட்டா? ஒரு உசிரு போயிடுமே" என்றார். இனிச் சபை ஆட்கள் குழை நடக்கூடாது, சிவப்பு வெள்ளைக் கட்டைகள்தான் நட வேண்டும் என்று உத்தரவு போட்டார். கட்டைகளும் வந்து களஞ்சியத்தில் அடுக்கிக் கிடந்தன. இதைக் கட்டாயம் எழுதுங்கள். குழை கூடாது என்றது நான் அல்ல, அவர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சபைக் கூட்டம். நாவல்காட்டுப் பாலத்தைத்தான் முதல் வேலையாகக் கட்ட வேண்டும் என்று அவர் பிரேரிக்க இருந்தார், உறுப்பினர்களும் சரியென்று ஓம்பட்டிருந்தார்கள். முதல் நாள் பின்னேரமே நாவல்காட்டுக்குப் போனவர், மழை விடாததால் அங்கேயே தங்கிவிட்டார். விடியக் குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது. பிரசாந்தன் தெப்பமாக நனைந்து கந்தோருக்கு வந்தான்.

"மிஸ், பாலத்திலை வயல் பக்க ஓரத்தை வெள்ளம் அறுத்துப்போட்டுது. ஆள் தாழும். பூவரசங்குழை ஒண்டு குத்திப்போட்டு வாறன். குளப் பக்க ஓரத்தாலை வந்தால் பிழையில்லை."

"நல்லது. நீ வீட்டை போய் உடுப்பை மாத்து. நான் பாக்கிறன்" என்றேன்.

என் ஸ்கூட்டியில் போனேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் ஒரே கலங்கல், அடி தெரியவில்லை. குழை எங்கள் கரைக்குக் கிட்டத்தான் நின்றது. குளப் பக்கத்தால் இறங்கி நாலு எட்டு வைத்துப் பிடுங்கினேன். அவருடைய உத்தரவைத்தானே நிறைவேற்றினேன்? கட்டையைக் கொண்டுபோய் நட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை, அது களஞ்சியத்தில் இருந்தது.

அதோடு நான் திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. ரோட்டு இருக்கிற நிலையில் வேறு யாராவது வந்து விழுந்தால்? அப்படிப் பொறுப்பில்லாமல் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை நான். ஒரு பால்காரன் வந்தான், "பாலம் அறுத்துப்போட்டுது, போகாதையும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவனைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அந்தக் கரையில் பச்சை ரெயின்கோட் தெரிந்தது. வழியனுப்பப் பேச்சியம்மாவும் பின்னால் வந்திருந்தாள்.

செத்தவீட்டுக்குப் பிறகு பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "குழை இல்லீங்க ஐயா, தைரியமாப் போங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆறுதல் சொன்னேன். அவர் அங்கே என்னதான் செய்தார் என்று அப்போதுதான் கேட்டேன். "ஒண்ணும் செய்யமாட்டாருங்க. நான் ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பல் இடிச்சுக் குடுப்பேன். அவரு அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்குன்னு சொல்லுவாரு. வீட்டு ஞாபகம் வந்தா ஓடி வந்துடுவாரு" என்றாள்.

இதை என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அல்லவா? நானும் ரொட்டி சுடுவேன். சொல்லாமல் விட்டது அவருடைய பிழை.

அஞ்சலிக் கூட்டத்தில் தவிசாளர் நடராசா, "செயலாளர் அம்மா தடுத்தும் கேளாமல் போனார்" என்று பேசினார். பேப்பரிலும் அப்படியே வந்துவிட்டது. ஊர் முழுக்க என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதுவிட்டுப் போனாள். எல்லோரும் ஒரே கதைதான், அவர் என் பேச்சைக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, தம்பி. அது உண்மையில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வான் பாய்கிற இரைச்சலில் பேச்சியம்மாவுக்கு என் சத்தம் கேட்டிருக்காது, கை ஆடினது மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு நடுப்பாலம் வரை வந்து, மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிக் காலை ஊன்றினார். பயந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த ஆறுதல் எனக்குக் கரையில் இருந்தே தெரிந்தது.

"மேடம், எந்தப் பக்கமா வரணும்?" என்று கத்தினார்.

நான் கையை நீட்டி வயல் பக்கத்தைக் காட்டினேன்.

"வயல் பக்கமாங்க?" என்று திரும்பக் கேட்டார்.

"ஓம், வயல் பக்கமா வாங்கோ" என்று கையை நன்றாக ஆட்டி ஆட்டிக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் காட்டிய பக்கமாகவே திருப்பிக்கொண்டு வந்தார். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. ஆகவே கேட்கவில்லை என்கிற சொல்லை வெட்டிவிட்டு, கேட்டார் என்று எழுதுங்கள். எங்கள் சபையில் இருந்த இவ்வளவு நாளில் அவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான், நானும் சொன்னேன்.