தனியாக ஒரு புட்டி உப்புத் தண்ணீர்

எனக்கு எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போயிற்று; பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் மொரப்பூரில் மதராஸ் ரயில் ஏறினேன். எதிரில் ஒரு போலீஸ்காரர் அரக்கு முத்திரை வைத்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பைநல்லூர் அம்மாள் ஒருத்தி. அவள் மருமகன் களி தின்றுவிட்டுச் செத்துப்போனான். விஷம் வைத்ததாக மகளைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் அவன் இரைப்பைதான் பரிசோதனைக்குப் போகிறது.

போலீஸ்காரர் அலுத்துக்கொண்டார். “கொஞ்சம் கண்ண மூடு ஆத்தா. பெட்டிய நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்.”

“உள்ள ரெண்டு புட்டி ஆடுதுங்களே, ஏட்டய்யா?”

“ஒண்ணுல உப்புத்தண்ணில போட்ட இரைப்பை. இன்னொண்ணு வெறும் உப்புத்தண்ணி.”

“அது எதுக்குங்க?”

“விஷம் தெரிஞ்சா, உப்புல இருந்து வந்துச்சோன்னு சந்தேகம் வருமில்ல? அதான் உப்பையும் தனியா சோதிப்பாங்க.”

அவள் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“சாவு வூட்டுல ஆக்கினது இருக்கக் கூடாதுன்னு, எழவுக்கு வந்த பொம்பளைங்க களியச் சட்டியோட கொட்டிட்டாங்க. அத என் மவ மறைச்சான்னு எழுதிக்கிட்டீங்க.”

“நானா எழுதுனேன்? நான் சுமக்கறவன் ஆத்தா.”

“உப்பு மேல பழி வரக்கூடாதுன்னு ஒரு புட்டி எடுத்து வெச்சீங்க. என் மவளுக்காக ஒரு வாய் களி எடுத்து வெக்க ஆளில்லாம போச்சுங்களே.”

அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “ஒரு கை நீயும் புடிச்சுக்க.”

மதராஸ் வரை இருவரும் பிடித்தபடியே வந்தார்கள். பரிசோதனையில் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரைத் தனியாக அனுப்புவது வழக்கம்தானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.