கோவில் வாசலில் நின்றவர்

சேகரன்: ...நாளைக்குக் கல்லைப் பதிக்க வேணாம் சூசை அண்ணே.

சூசை: என்ன தம்பி, மழையில நனைஞ்சு மூளையும் ஊறிப்போச்சா? முதல்ல அந்தத் தலைப்பாகையைக் கழட்டு. சொட்டுது பாரு.

சேகரன்: விளையாடலண்ணே. ஒரு மாசம் தள்ளிப் போடுவோம். சரித்திர சங்கத்துக்குக் காரியதரிசி நான். ஏதாவது சாக்கு சொல்லிக்கிறேன்.

சூசை: ஏன்? கல்லு வெட்டின சீனத் தவுக்கே தமிழெழுத்தைத் தலைகீழா வெட்டிட்டாரா?

சேகரன்: எழுத்தெல்லாம் சுத்தமா இருக்கு. ‘சவரிமுத்து. தாழ்மையினால் ஆயுள் முழுதும் இவ்வாசலுக்கு வெளியே நின்று பூசை கண்டவர்.’

சூசை: அப்புறம் என்ன லா? என் தாத்தாவுக்குச் சங்கம் கல் வைக்குது. மாதா கோவில் சாமியாரு கல்லை மந்திரிக்க ஒத்துக்கிட்டாரு. பட்டர்வொர்த்துலேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க ஃபெரி ஏறி வர்றாங்க...

சேகரன்: அவங்க வர்றதாலதான் சொல்றேன்...

அமலம்மாள்: வாங்க தம்பி, கோப்பி எடுத்துக்குங்க. நாளைக்கு உங்க பேச்சு ரொம்ப நேரமா? எங்க ஐரீனுக்கு மாமனாரா வரப்போறவருக்குக் கால் வீக்கம். ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.

சேகரன்: போட்டுடலாம்க்கா.

அமலம்மாள்: அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? ‘நகை நட்டெல்லாம் நாங்க பாக்கல, சவரிமுத்து வம்சத்துல பொண்ணெடுக்கிறோம், அது போதும்’னாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு... ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?

சூசை: உள்ள அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாரு.

அமலம்மாள்: அடுப்பே இன்னும் பத்த வைக்கல! நான் இருக்கக்கூடாதுன்னா சொல்லுங்களேன், போறேன்.

சூசை: ...போயிட்டா. சொல்லு.

சேகரன்: போன ஞாயித்துக்கிழமை கல்லுக்கு இடம் அளக்க உங்க கோவிலுக்குப் போனேன். பூசை முடியல. உள்ள ஒரு அடி வச்சேன். உபதேசியாரு ஓடி வந்து தலைப்பாகையை எடுங்கன்னாரு.

சூசை: ஆம்பளைங்க தலையில துணியோட உள்ள போகக்கூடாது. எங்க வழக்கம் அது. சண்டை போட்டியா?

சேகரன்: இல்ல. கழட்டிக் கையில வச்சிக்கிட்டேன். அப்பதான் ஒண்ணு தோணிச்சு. தலைப்பாகை இல்லாம தாத்தாவை ஒருத்தரும் பாத்ததில்லன்னு நீங்கதான சொன்னீங்க?

சூசை: வெயில்ல வேலை செஞ்ச மனுசன்...

சேகரன்: வெயிலுக்குப் புருவம் வரைக்குமா இழுத்துக் கட்டுவாங்க? விபூதிப் புதனுக்கு எல்லாருக்கும் நெத்தியில சாம்பல் பூசுவாங்களாம். அவரு ஒரு வருசம்கூட பூசிக்கிட்டதில்லையாம். உபதேசியாரு சொன்னாரு.

சூசை: தனக்குத் தகுதி இல்லன்னு நெனச்சிருப்பாரு. அதுக்குப் பேருதான் தாழ்மை.

சேகரன்: நானும் அப்படித்தான் எழுதினேன். சங்கத்துல வாசிச்சுக் கைதட்டு வாங்கினேன். ஆனா உபதேசியாரு சொன்னப்புறம் மனசு கேக்கல. தாத்தாவோட பழைய கூட்டாளி மகன்னு அவரு காட்டிவிட, டத்தோ கிராமாட்டுல அப்துல் ஹமீதுன்னு ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவங்கப்பா பழைய ஜெயில்ல காவல்காரரு.

சூசை: ஜெயிலா? ஜெயிலுக்கும் எங்க தாத்தாவுக்கும் என்னய்யா...

சேகரன்: மெதுவா பேசுங்கண்ணே, அக்கா காதுல விழும். கும்பினிக்காரன் காலத்துல ஆயுள் கைதிங்களைச் சென்னப்பட்டணத்துலேர்ந்து சங்கிலி போட்டுக் கப்பல்ல கொண்டாந்தான். மலாய்க்காரங்க ஓராங் ரந்தாய்ம்பாங்க, சங்கிலி ஆளுங்கன்னு. இந்த ஊர் ரோட்டுல பாதி அவங்க போட்டது. தப்பிச்சு ஓடினா தெரியணும்னு, செஞ்ச குத்தத்தை நெத்தியிலேயே பச்சை குத்தி அனுப்பினானாம். அவங்கவங்க பாசையில.

சூசை: போதும்.

சேகரன்: விடுதலையாகி வெளிய வந்த அன்னிக்கு, ஹமீதோட அப்பாதான் தன் தலைத்துணியை அவிழ்த்து உங்க தாத்தாவுக்குக் கட்டிவிட்டாராம்...

சூசை: போதும்னு சொல்றேன்ல! எவனோ உளறினதை என் வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுவியா?

சேகரன்: நான் கேவலமா சொல்லலண்ணே. ரோடு போட்டவங்க பேரு இந்த ஊர்ல ஒரு கல்லுலயும் இல்ல. உண்மையை எழுதி அதே இடத்துல வைப்போம். அதுக்குத்தான ஒரு மாசம் கேக்குறேன்?

சூசை: நீ வைப்ப. அப்புறம் ஐரீனை யாருக்குக் குடுக்கிறது? உன் தங்கச்சியா இருந்தா கல்லு வைப்பியா? உனக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அது என் பொண்ணு வாழ்க்கை.

சேகரன்: ...சரிண்ணே. நாளைக்கே வைப்போம். எழுதினதையே வாசிக்கிறேன். பொய்யுன்னு தெரிஞ்சே வாசிக்கப் போறேன்.

சூசை: அந்த ஹமீது? அவரு வந்து நின்னு ஏதாவது...

சேகரன்: அவரு வியாழக்கிழமை மௌத்தாயிட்டாருண்ணே. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீங்களா உண்மையைச் சொல்லலாம்னு சொல்வீங்கன்னு ஒரு நெனப்பு.

சூசை: அப்ப பரவாயில்ல... பாரு தம்பி, ஒரு மனுசன் செத்ததுக்கு என் வாயில என்ன வருதுன்னு.

சேகரன்: விடுங்கண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல உறுத்துது. என்ன குத்தம்னு ஹமீதுக்குத் தெரியல. அவங்கப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம். இனி அது யாருக்கும் தெரியப் போறதில்ல. மழை விட்டிருச்சு. வர்றேண்ணே.

சூசை: நில்லு சேகரா. தாத்தாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில வச்சு, துணி கட்டுறதுக்கு முன்னால, முத்தம் குடுடான்னு என்னைத் தூக்கிக் காட்டினாரு எங்கப்பா. நான் சின்னப் பையன், எனக்கென்ன புரியும்னு நெனச்சாரு. பள்ளிக்கூடத்துல அப்பதான் எழுத்துக்கூட்டச் சொல்லிக் குடுத்திருந்தாங்க... நீயும் நானும் எத்தனை கல்வெட்டு படிச்சிருப்போம்? நான் முதமுதலா படிச்சது அந்த நெத்திதான். ரெண்டே எழுத்து. ‘கொலை’ன்னு சத்தமா வாசிச்சேன். எங்கப்பா என் வாயைப் பொத்தினாரு... அந்தக் கையை இன்னும் எடுக்கல தம்பி.