டெர்லிஸ் தொடாத குவளை

“உன் புருஷன் என்ன பிறவிடி, சுனில்டா? வெயில் இப்படிக் கொளுத்துது, நீட்டின தெரேரேயை வேண்டாங்கறான்.”

“அவருக்கு ஒத்துக்காதுக்கா.”

“வயித்துக்கா, பொண்டாட்டிக்கா?”

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிளாசியா அக்கா வெகுநேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். பச்சிலை இடித்துப் போட்ட அந்தக் குளிர்ந்த பானத்தைத் தொடாத ஆண்பிள்ளை எங்கள் பராகுவேயில் அதிசயம்தான். டெர்லிஸ் அதை விட்டதற்குக் காரணம் நான்.

அவருடைய முதல் மனைவி மிர்னாவுக்கு எங்கள் மருத்துவமனையில்தான் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் பிற்பகல் நான் பணியில் இருந்தேன். நர்ஸ்கள் அறையில் தெரேரே சுற்று தொடங்கியிருந்தது. ஒரே கொம்புக் குவளை கைமாறி வரும். தன் முறைக்கு ஆள் இல்லாவிட்டால் கேலி செய்வார்கள். அதற்காகவே ஊசிகளை முன்கூட்டி ஏற்றி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் இரண்டு ஏற்றினேன். ஒன்றில் மிர்னாவின் கையிலிருந்த குழாயைக் கழுவ உப்புநீர். மற்றதில் இன்னொருத்தியின் குளுக்கோஸ் பாட்டிலில் கலக்க வேண்டிய பொட்டாசியம். அது நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். இரண்டும் தண்ணீர் போலவே இருக்கும். நான் பெயர் ஒட்டவில்லை.

என் முறைக்குக் குடித்துவிட்டுப் போய் ஒன்றை எடுத்து மிர்னாவின் குழாயில் போட்டேன்.

“எரியுதே, சிஸ்டர்,” என்றாள் மிர்னா. அவ்வளவுதான்.

“வெளியிலிருந்து ஏதாவது குடுத்தீங்களா?” என்று டெர்லிஸிடம் கேட்டார் டாக்டர்.

“தெரேரே... பால் ஊறும்னு ஒரு பச்சிலை போட்டு, ரெண்டே வாய்...”

டாக்டர் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது கவனிச்சியா?”

“இல்லை,” என்றேன். மீதமிருந்த ஊசியைக் கழுவுதொட்டியில் காலி செய்தேன்.

நடந்ததை மறைக்கமாட்டேன் என்று பயிற்சி முடிந்த அன்று உறுதிமொழி எடுத்தவள்தான் நான். ஆனால் சொல்லியிருந்தால் மிர்னா எழுந்து வந்திருப்பாளா? தாயில்லாத குழந்தைக்குப் பால் புகட்ட ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன். தினமும் போனேன். தன் கையாலேயே மனைவியைக் கொன்றுவிட்டதாக அவர் அழும்போதெல்லாம் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஊரில் அவரை மன்னித்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல மனைவியாகவே இருந்திருக்கிறேன். அராசெலி என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள்.

அவளுக்கு இந்த மாதம் பதினைந்து நிறைகிறது. ஊரையே அழைத்து விருந்து. நேற்று அவளுடைய நீண்ட கவுனுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். டெர்லிஸ் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“சுனி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு பல வருஷமா வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டே இருக்கேன்.”

“கேளுங்க.”

“விருந்துல யாராவது உளறறதுக்கு முன்னாடி பிள்ளைக்குத் தெரிஞ்சாகணும். எனக்கு நாக்கு எழல. அன்னிக்கு அங்க இருந்தவ நீ. பொய் சொல்லத் தெரியாதவ. நீ சொன்னா தாங்கிக்குவா. அவ அம்மாவைக் கொன்னது நான்தான்னு நீயே அவகிட்ட சொல்லிடு.”