எண்ணெய் பூசுற மேடை

— லேமினேட்டா? ரஸ், நீயா பேசுறே? கீலாங் ஊர்ல பாதி வீட்டுக்குக் கல்லுல சமையல் மேடை அறுத்துக் கொடுத்தவன். நம்ம வீட்டுக்குப் பலகை மேல ஒட்டுன தாளா?

— மலிவு, லினெட். பத்து வருஷம் தாங்கும். போதாதா தாயே?

— நெஞ்சு ஸ்கேன் எடுத்ததுலேருந்து எல்லாத்துக்கும் போதும், போதும். காருக்கு டயர் மாத்தணும்னா பழசே போதும். இந்தக் கடையில எனக்கு அந்த ஓக் மரந்தான் பிடிச்சிருக்கு.

— மரத்துக்கு வருஷா வருஷம் எண்ணெய் பூசணும். எனக்கப்புறம் யாரு பூசுவா, நீயா?

— வாயைக் கழுவு. ஸ்கேன் முடிவு சொல்ல டாக்டர் இன்னிக்குக் கூப்பிடுறேன்னாங்களே, கூப்பிட்டாங்களா?

— கூப்பிடுவாங்க. எல்லாம் சரியாயிரும்.

— அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே! செயற்கைக் கல்லைத் தண்ணி விடாம அறுத்துட்டு, மாவு மில்லுலேருந்து வர்றவன் மாதிரி வந்து நிப்பே. மூஞ்சில துணியாவது கட்டக் கூடாதான்னா, எல்லாம் சரியாயிரும்!

— பட்டறையில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். என்கூடக் கல் அறுத்த டீனும் சொன்னான்.

— அவன் இப்ப மூக்குல குழாயோட கிடக்கான். ஒரு ஜோக் சொல்லி முடிக்க மூணு தடவை மூச்சு வாங்குறான். தூசி நுரையீரலைத் தின்னுதுன்னு அந்தக் கல்லையே நாட்டுல தடை பண்ணி என்ன, அவனுக்கு மூச்சு திரும்பி வந்துச்சா?

— நீ என் பூட்ஸைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டு வேலையை விட வச்சே. இல்லேன்னா நானும் கடைசி வரைக்கும் அங்கதான் இருந்திருப்பேன்.

— அதுக்கு ஒரு வாரம் கராஜ்ல போய்ப் படுத்தியே, வீம்புக்காரா.

— ரெண்டாம் நாளே குளிர் தாங்கலை. வாசல்ல நீ கம்பளி வச்சதாலதான் வீம்பு நீடிச்சுது.

— உன் போன் அடிக்குது. ரஸ், எடு. அவங்களாத்தான் இருக்கும்.

— வெளிய போய்ப் பேசிட்டு வர்றேன். நீ இங்கயே இரு.

— வந்துட்டியா! என்ன சொன்னாங்க? ஏன் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?

— லினெட், அந்த பூட்ஸுக்கு நான் உனக்கு நன்றியே சொன்னதில்லை.

— இப்ப எதுக்கு அது? பயமா இருக்கு ரஸ். லேமினேட்டே வாங்கிக்கலாம், வா. வீட்டுக்குப் போகலாம்.

— வேண்டாம். ஓக் மரமே போடலாம். எண்ணெய் நான் பூசுறேன், வருஷா வருஷம்.